பாதி வெட்டிய கெலிசா

புக்கிட் மெர்தாஜாம்
14 ஜூலை 2024

அன்புள்ள காமாரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். நேற்றுத் தங்கராஜுவின் போனில் இருந்து அடித்தேன். என் குரலைக் கேட்டதும் அதையும் வைத்துவிட்டாய். ஆகவே கடிதம். கல்யாணம் ஆன நாளிலிருந்து உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். தங்கராஜுவின் மனைவி குணவதி உன் ஃபேக்டரியில் உன் லைனில்தானே நிற்கிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் கவரை நன்றாகவே ஒட்டியிருக்கிறேன்.

"காடிய எடுத்துக்கிட்டு நீங்களும் போயிருங்க" என்று சொன்னாய். சொன்னபடியே லாரி பிடித்து, காடியை ஏற்றி, பாலத்தைத் தாண்டி வந்துவிட்டேன். உன் கெலிசா கார் இப்போது எங்கள் கிரில் பட்டறையின் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. நான் மாடியில், பெயின்ட் டின்களுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறேன். வேலைக்குப் பினாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற அலைச்சல் இல்லை என்று தங்கராஜு ஆறுதல் சொல்கிறான். கூட்டாளி என்றால் அப்படித்தான் சொல்வான்.

நீ கோபத்தில் இருக்கிறாய், தெரியும். என் பக்கத்தையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். நான் கேட்காமல் வெட்டவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, உனக்கு ஓவர்டைம். நீ சாப்பாட்டுக்குப் போகிற நேரம் பார்த்து அடித்தேன். "காடிய பாதி வெட்டிரட்டுமா?" என்று கேட்டேன். பின்னால் மெஷின் சத்தம். நீ, "வெட்டுங்க லா, நானும் அதத்தான் சொல்ல இருந்தேன்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்தக் கெலிசாவுக்கு மேலே இருக்கிற தகரத்தையெல்லாம் எடுத்துவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சரி என்றாய். நீ மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கீழ்வீட்டு சித்தி ஹாஜராவிடம் கேட்டு வயர் இழுத்து, கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டேன்.

நான் நாள் முழுக்க ஜன்னலுக்குக் கிரில், வாசலுக்குக் கேட் என்று அடுத்தவர் வீட்டை அடைத்துக் கொடுக்கிறவன். அடைப்பே இல்லாத ஒரு பொருளை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது உன் காடியில் வந்து முடிந்தது.

இப்போதைய நிலவரம்: கூரை இல்லை. முன்சீட்டுகளுக்குப் பின்னால் தரையும் சக்கரமும் தவிர ஒன்றும் இல்லை. வெட்டிய கூரையைத் திரும்ப ஒட்ட முடியும், ஆனால் பழைய பலம் வராது. பின்சீட்டைப் போடவும் இடம் பண்ணலாம். கூரை வேண்டுமா, பின்சீட்டு வேண்டுமா என்று மட்டும் எழுது. உன் காடி. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

வஸ்ஸலாம்,
ஷேக் அலாவுதீன்

*

டத்தோ கிராமாட்
18 ஜூலை 2024

ஷேக் அலாவுதீன் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் எழுதினேன். நானாக உங்களுக்குச் சலாம் சொல்ல எந்தக் கடமையும் இல்லை.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தது எப்படி என்று தெரியுமா? காடிக்கு உடம்பு சரியில்லை, புகை கக்குகிறது என்று கூட வேலை செய்கிறவளின் காடியில் தொற்றிக்கொண்டு வந்தேன். என் பார்க்கிங்கில் யாரோ நாசி கண்டார் சோறு விற்கிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாருடையது, எடுக்கச் சொல்ல வேண்டும் என்று கிட்டே போனேன். நம்பர் பிளேட் என்னுடையது. நீங்கள் பக்கத்தில் கறுத்த மூஞ்சியோடு நின்று சிரிக்கிறீர்கள்.

நான் சரி என்று சொன்னேனாம். என் காடியை நானே வெட்டச் சொல்வேனா? எனக்கு என்ன பைத்தியமா? உங்களைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே நான் வாங்கிய காடி அது. எங்கள் வீட்டில் முதலில் லைசென்ஸ் எடுத்த பெண் நான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு காடி?" என்று கேட்ட அத்தாவையே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அதில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன். இப்போது விடியும் முன்னே எழுந்து ஃபேக்டரி பஸ்ஸுக்காகச் சாக்கடை ஓரத்தில் நிற்கிறேன். சித்தி ஹாஜரா தினமும் ஜன்னல் வழியாக, "காடி எப்ப வரும்?" என்று கேட்கிறாள். வயர் கொடுத்தவள் அவள்தான். அவளிடமும் பேசுவதில்லை.

கூரை வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூரையும் வேண்டாம், பின்சீட்டும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம்.

காமாரியா

*

புக்கிட் மெர்தாஜாம்
28 ஜூலை 2024

அன்புள்ள காமாரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

கூரையைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டேன். பின்சீட்டுக்குக் கீழே நாலு கால் வைத்து அடித்துப் பட்டறை வாசலில் போட்டிருக்கிறேன். கேட் விலை கேட்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தங்கராஜுவுக்கு மத்தியானத் தூக்கமும் அதில்தான்.

கூரை போனால் காடியின் உடம்பு நடுவில் வளையும். அதற்காகக் கிரிலுக்குப் போடுகிற சதுரக் குழாயை இரண்டு பக்கமும் நீளமாக ஓடவிட்டு, சீட்டுக்குப் பின்னால் கனமான உருண்டைக் குழாயில் ஒரு வளைவு நிறுத்தியிருக்கிறேன். கவிழ்ந்தாலும் தலைக்கு ஒன்றும் ஆகாது. குழாயை நான் பிடிக்க, தங்கராஜு பற்றவைத்தான். "கெலிசாவுக்கு கேட் போட்ட மொத ஆளு நாமதான் லா" என்றான். முன்கண்ணாடிக்குப் பின்னால் காற்றுதான். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், அதற்காகத் தரையில் தண்ணீர் ஓட ஓட்டை போட்டிருக்கிறேன்.

ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் காடி நன்றாக ஆகிக்கொண்டே வருகிறது, காமாரியா. ஒரு காடிக்குள் தேவையில்லாதது இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கார்ப்பெட்டுக்குக் கீழே உன் பழைய வளையல் ஒன்று, பாயான் லெப்பாஸ் பார்க்கிங் ரசீதுகள், நாம் லங்காவி போனபோது நான் தொலைத்துவிட்டதாக நீ என்னைத் திட்டிய கறுப்புக் கண்ணாடி எல்லாம் கிடைத்தன. எடுத்து வைத்திருக்கிறேன்.

இனிமேல் கேட்க வேண்டியவை: ரேடியோ, ஏர்கோன், கதவுகள். டேஷ்போர்டை முழுக்க எடுத்துவிட்டு மீட்டர் ஒன்றை மட்டும் ஒரு தகட்டில் வைக்கலாம். கார்ப்பெட் திரும்ப வேண்டுமா? எதையும் உன்னைக் கேட்காமல் செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்,
ஷேக் அலாவுதீன்

*

டத்தோ கிராமாட்
2 ஆகஸ்ட் 2024

ஷேக் அலாவுதீன் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

கூரையை இரும்புக் கடையில் போட்டுவிட்டீர்களா? ஒருத்தி கோபத்தில் "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா? ரமலானில் எங்கள் அக்கா வீட்டில் சோறு வைக்கும்போது "போதும், வேண்டாம்" என்பேன். அவள் இன்னும் ஒரு அகப்பை வைப்பாள். நீங்கள் மட்டும் தட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஆள்.

குணவதியிடம் இதைச் சொன்னேன். அவள் லைனில் நின்று சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

சரி. வேண்டாம் என்று சொன்னால்தானே உங்களுக்குப் புரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். ரேடியோ வேண்டாம். அதில் நீங்கள் வைக்கிற பாட்டைக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. ஏர்கோன் வேண்டாம், கூரையில்லாத காடிக்கு ஏர்கோன் வைத்து பினாங்குத் தீவையே குளிர வைக்கப் போகிறீர்களா? கதவு வேண்டாம். கார்ப்பெட் வேண்டாம். டேஷ்போர்டும் வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுங்கள்.

இன்னொன்று. நான் சரி என்று சொன்னேன், சொன்னேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாமே. இந்த மூன்று வாரமும் யோசித்துப் பார்த்தேன். இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் காடி ரிப்பேர் பார்க்கிற போர்மனிடம் காட்டினேன். இஞ்ஜின் தேய்ந்துவிட்டது, ரிப்பேர் பார்த்துப் புண்ணியமில்லை, ஹாஃப்-கட் வாங்கிப் போடுங்கள் என்றார். ஹாஃப்-கட் என்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜப்பானில் கழித்துப்போட்ட காடியின் முன்பாதியை இஞ்ஜினோடு வெட்டிக் கப்பலில் ஏற்றி வருகிறார்களே, அது. அதைத்தான் உங்களிடம் சொல்ல இருந்தேன். அந்த நேரத்தில் போன் அடித்து, "பாதி வெட்டிரட்டுமா" என்கிறீர்கள்.

நீங்கள் எதையும் தமிழாக்கி விளையாடுகிறவர். ஃப்ரிட்ஜுக்குக் குளிர்ப்பெட்டி, ஸ்பீட் பம்புக்கு ரோட்டு முதுகு. பாதி வெட்டு என்றதும் ஹாஃப்-கட்டைத்தான் சொல்கிறீர்கள், போர்மன் உங்களையும் பார்த்துப் பேசிவிட்டார் போல என்று நினைத்தேன். நான் சரி என்றது இஞ்ஜினுக்கு. கூரைக்கு இல்லை.

காமாரியா

*

புக்கிட் மெர்தாஜாம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காமாரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், உன் பின்சீட்டில்தான். தங்கராஜு வந்து என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். டீ போட அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உன் காடியை வெட்டியது தப்பு. நீ சம்மதித்தாய் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டு திரிந்தது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு. இதை எப்படி அழகாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே ஹாஃப்-கட் கடைக்குப் போனேன். முன்பாதிக் காடிகளாக மூஞ்சியை நீட்டிக்கொண்டு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். மீரா என்கிற ஜப்பான் காடியின் இஞ்ஜின் ஒன்று, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, மற்றபடி நல்லது. உன் போர்மனையே வரவழைத்து மாட்டினோம். சாவியைத் திருப்பினால் சத்தமில்லாமல் எழுந்துவிடுகிறது. எடுத்தது எல்லாம் போக எடை அவ்வளவு குறைந்துவிட்டது, பின்பக்கத்தை நானும் தங்கராஜுவும் கையாலேயே தூக்கி நகர்த்தினோம். நீ கேட்ட இஞ்ஜின் வந்துவிட்டது. அது வந்து சேர்ந்த காடிதான் நீ கேட்டது இல்லை.

ஒரு கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இந்த உருவத்தில் காடியை ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்க வேண்டும். இஞ்ஜினியர் கையெழுத்து, பரிசோதனை என்று பல படி இருக்கிறது. நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கிடைக்கும்வரை தோட்டத்துப் பாதையில்தான் ஓட்ட முடியும். தங்கராஜுவின் சித்தப்பா பைராம் என்கிற எஸ்டேட் தோட்டத்தில் இருக்கிறார், மானேஜரிடம் கேட்டு வைத்திருக்கிறார். உன் ஃபேக்டரிப் போக்குவரத்துக்கு வேறு ஒரு பழைய காடி தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் கிரைண்டர் வைக்க மாட்டேன்.

இனி ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியது. கதவை எடுத்தபோது பார்த்தேன், சீட்டுகளுக்குக் கீழே தரை துருப்பிடித்துப் போயிருக்கிறது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். சீட்டு உட்காருகிற கால்களை அந்தத் தகட்டோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு தடவைதான் செய்ய முடியும், மாற்றி மாற்றிச் செய்தால் தகடு தாங்காது. ஒரே சீட்டு என்றால் அதைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி வைத்து அதற்கு மட்டும் பலம் கொடுப்பேன். காடி இன்னும் இலேசாகும். இரண்டு என்றால் இரண்டு இடத்திலும்.

ஆகவே, இடது பக்கச் சீட்டு வேண்டுமா, வேண்டாமா?

இந்தத் தடவை தப்பு வரக்கூடாது. மலாயிலும் கேட்கிறேன்: நா அத்தாவ் தா நா? கீழே படமும் போட்டிருக்கிறேன். ஒரு கட்டம் வரைந்தது ஒரு சீட்டு, இரண்டு கட்டம் வரைந்தது இரண்டு சீட்டு. எது வேண்டுமோ அதில் கோடு போட்டு அனுப்பு. நீ எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

வஸ்ஸலாம்,
ஷேக் அலாவுதீன்

*

டத்தோ கிராமாட்
20 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

படத்தில் கோடு போடவில்லை. குணவதி தினமும் மத்தியானம், "லெட்டர் ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனாள். நீங்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். சொன்னாள்.

அவள் போனில் காடியின் படம் காட்டினாள். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் ஃபேக்டரியில் எனக்குச் சம்பளம், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மீட்டர் வைத்த தகடு கோணலாக இருக்கிறது. வளைவில் வலது பக்கம் பற்றவைத்த இடத்தைத் தேய்க்கவில்லை. வைப்பர் ஒன்றுதான் இருக்கிறது, ஒன்று போதும் என்று யார் சொன்னது? நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லையே.

மற்றபடி படத்தைப் பல தடவை பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நன்றாக இருக்கிறது. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் கெலிசாவின் மூஞ்சி அப்படியே இருக்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை, ஊரைவிட்டு ஓடுகிற மாதிரி நிற்கிறது. கூட நின்று பார்த்த பிள்ளைகள் எல்லாம் யாருடையது, யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

இடது சீட்டுக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்த அன்றைக்கே பேனாவை எடுத்து "வேண்டாம்" என்று எழுதப் போனேன். பழக்கம். எழுதினால் நீங்கள் அன்றைக்கே தகடு வைத்துப் பற்றவைத்துவிடுவீர்கள் என்று தெரியும். பயந்து பேனாவை வைத்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்த ஒரு வார்த்தையைப் பார்த்து இப்போது பயப்படுகிறேன்.

ஆனால் "வேண்டும்" என்றும் எழுத மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காடி வெட்டியதுகூட எனக்கு ஆறிவிடும். தகரம்தானே. அன்றைக்கு ராத்திரி நான் "நீங்களும் போயிருங்க" என்று சொன்னபோது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் லாரிக்காரனுக்குப் போன் அடித்தீர்கள். நான் ரூமுக்குள் உட்கார்ந்து, இப்போது வந்து "மாட்டேன், போக மாட்டேன்" என்று சொல்வார், சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கீழே லாரிச் சத்தம்தான் கேட்டது. நான் அழுதேன். காடிக்காக என்று சித்தி ஹாஜரா நினைத்துக்கொண்டாள்.

நீங்கள் எப்போதும் கேட்கிறீர்கள். என்ன சமைக்கட்டும் என்றால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். லீவுக்கு எங்கே போகலாம் என்றால் நீ சொல் என்கிறீர்கள். இப்போதும் இரண்டு மொழியில் கேட்டிருக்கிறீர்கள், படம் வேறு. கேட்பது நல்ல குணம்தான், எங்கள் அக்காவே சொல்வாள். ஆனால் நமக்கு இருப்பதே இரண்டு பேர். நான் ஒருத்தியே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் இருக்கிறீர்களா, இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்கிறேன் இப்போது. இடது பக்கச் சீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன வேண்டும்? நான் என்ன சொல்வேன் என்று யோசிக்காமல் எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் காடியை அப்படியே விற்றுவிடுங்கள், நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்.

காமாரியா

*

புக்கிட் மெர்தாஜாம்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள காமாரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு வேண்டும்.

இதை மட்டும் எழுதிக் கவரில் போட்டுக் குணவதியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ லேசா இருக்கு. ஒரு வரிதானே எழுதியிருக்கீங்க? நான் கொண்டு போக மாட்டேன் அண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கவரைத் தூக்கிப் பார்த்தே படித்துவிடுகிறாள். ஆகவே மீதியையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரமே இரண்டு சீட்டுக்கும் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. முதல் நாள் வேலை பழகுகிறவனைப் போல ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். தங்கராஜு, "அக்காகிட்ட கேட்டுட்டியா?" என்றான். இல்லை என்றேன். கிரைண்டரை என் கையிலிருந்து தூரமாக எடுத்து வைத்தான்.

அன்றைக்கு ராத்திரி நான் ஏன் பேசவில்லை என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் காடியைக் கெடுத்துவிட்டு, உன் வீட்டிலும் உட்கார்ந்துகொண்டு, போக மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். நீ போகச் சொன்னால் போய்விடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். லாரியில் ஏறிய பிறகு ஜன்னலைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. இறங்கி மேலே வர ஆசையாக இருந்தது. லாரிக்காரன் அவசரப்பட்டான். அதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்லியும் பழக்கமில்லை. முயற்சி செய்கிறேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். நீ வைக்கிற மீன் கறி வேண்டும், புளி கொஞ்சம் குறைவாக. இத்தனை வருஷமாக அதைச் சொல்லவில்லை. லீவுக்கு இந்த வருஷம் லங்காவி வேண்டாம், கேமரன் மலை போக வேண்டும். இடது பக்கச் சீட்டில் நான் உட்கார வேண்டும்.

இடது பக்கம் என்று தெரிந்துதான் எழுதினேன். வலது பக்கச் சீட்டுக்கு உனக்காகப் புது உறை போட்டிருக்கிறேன், அதில் இதுவரை யாரும் உட்காரவில்லை. சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் எடுக்கவில்லை. தோட்டத்துக்குக் கொண்டு போனபோதுகூட லாரியில் ஏற்றித்தான் கொண்டு போனோம், இறக்கும்போது தங்கராஜு வெளியே நின்றபடி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். காடி இப்போது பைராம் தோட்டத்தில் அவன் சித்தப்பா வீட்டு மோட்டார் ஷெட்டில் இருக்கிறது. நபி பிறந்த நாளுக்கான மௌலித் விடுமுறைக்கு உன் ஃபேக்டரி மூடியிருக்கும். அன்றைக்குக் காலையில் நான் அங்கேதான் இருப்பேன்.

மீட்டர்த் தகட்டை நேராக்கிவிட்டேன். வளைவைத் தேய்த்துவிட்டேன். இரண்டாவது வைப்பரும் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பப் படித்துப் பார்.

வஸ்ஸலாம்,
ஷேக் அலாவுதீன்

*

டத்தோ கிராமாட்
11 செப்டம்பர் 2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் அடிக்காதீர்கள். போன் அடித்துத்தான் என் காடி பாதியாகப் போனது.

மௌலித் அன்றைக்குக் காலை ஃபெரியில் அக்கரைக்கு வருகிறேன். குணவதி வந்து கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் நிற்கிற பழக்கம் வந்துவிட்டதால் ஃபெரியில் நிற்பதும் கஷ்டமாக இருக்காது. கறுப்புக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வையுங்கள். அது என்னால் தொலைந்ததில்லை என்று நான் அப்போதே சொன்னேன்.

உங்கள் கடிதத்தை நேற்று சித்தி ஹாஜராவுக்குப் படித்துக் காட்டினேன். அவளோடு பேச ஆரம்பித்துவிட்டேன். மீன் கறி இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். புளி அதிகம் என்று அவளும் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லையாம். எல்லாரும் சேர்ந்து என்னை இப்படி வைத்திருக்கிறீர்கள்.

இனி நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இதெல்லாம் கோபத்தில் எழுதவில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சீட்டுக்கும் பெல்ட் வேண்டும். மழைக்கு ஒரு படுதாவாவது வேண்டும். அனுமதிக்கு ஓடுகிற வேலையில் இஞ்ஜினியரைப் பார்க்க நானும் வர வேண்டும், நீங்கள் தனியாகப் போனால் அவர் வேண்டாம் என்று சொன்னதும் சரி என்று திரும்பி வந்துவிடுவீர்கள்.

ரேடியோ திரும்ப வைக்க வேண்டிய அவசியமில்லை. நான் ஓட்டும்போது நீங்கள் பேசிக்கொண்டு வந்தால் போதும். கதவையும் விட்டுவிடுங்கள். கோபம் வந்தால் அடித்துச் சாத்த ஒன்றும் இல்லாமல் இருப்பது நம் இரண்டு பேருக்கும் நல்லது.

கேமரன் மலைக்கு இந்தக் காடியில் ஏற முடியுமா என்று தெரியவில்லை. அனுமதி கிடைத்தால் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ். கிடைக்காவிட்டால் பஸ்ஸில் போகலாம். அதிலும் இரண்டு இரண்டு சீட்டாகத்தான் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து நேரே வீட்டுக்குத்தான் போகிறோம். உங்கள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள், பெயின்ட் வாசனை போகத் துவைக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் நான்தான் முதலில் சலாம் சொல்லியிருக்கிறேன். கவனித்தீர்களா என்று தெரியாது. பதில் சொல்வது உங்கள் கடமை. கடிதத்தில் வேண்டாம். நேரில் சொல்லுங்கள்.

காமாரியா